அழகர்கோவில் வௌவாலும் மூளைக்குள் ஒரு சிறுகுன்றும்

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அழகர்கோவில் வெளிக்கோட்டைச் சுவர்ப் பக்கம், இடிந்த ராயகோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு யூஎஸ்பி மைக். சாதாரண மைக் இல்லை, நொடிக்கு 3,84,000 மாதிரி எடுக்கக்கூடியது. அதாவது 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிக்கும். நம்ம காது 20-லேயே நின்றுவிடும். நாற்பதைத் தாண்டிய என் காதுக்கு 14 கேட்டாலே பெரிய விஷயம்.

வண்டி ஸ்டாண்டில் டோக்கன் போடுகிற அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்து கேட்டுவிட்டார்.

"என்ன சார் புடிக்கிறீங்க?"

"வவ்வா சத்தம்ணே."

"வவ்வாலுக்கு ஏது சார் சத்தம்? அடைஞ்சு கெடக்கையில கீச்சு கீச்சுன்னு கத்தும். பறக்கையில ஊமையால்ல போகும்."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1938 வரைக்கும் உலகத்தில் பெரும்பாலானோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1790-களில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார், கண்ணை மறைத்தாலும் வௌவால் முட்டாமல் பறக்கிறது, காதை அடைத்தால் முட்டுகிறது என்று காட்டிவிட்டார். ஆனால் எதைக் கேட்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், மீயொலி பிடிக்கிற கருவி முன்னால் ஒரு வௌவாலைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அந்த 'ஊமை' எவ்வளவு சத்தமாகக் கத்துகிறது என்று தெரிந்தது. இந்தக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், எனவே அதை விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கேள்வி. திரும்பி வருகிற எதிரொலியை வௌவால் மூளைக்குள் எந்தச் செல் கேட்கிறது? அதை நாம் எப்படிப் பார்ப்பது? இந்தக் கேள்வியின் வரலாற்றில் நம்ம மதுரைக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. இதே ஊர்ப்பக்கம் பொறியியல் படித்து, இருபது வருஷமாகக் கணிப்பொறி வேலை பார்க்கிற எனக்கே சமீபம் வரை அது தெரியாது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மூளைத்தண்டின் மேற்பகுதியில், நடுமூளையின் கூரையில், நான்கு சின்ன மேடுகள் இருக்கின்றன. முன்னால் இருக்கிற இரண்டும் பார்வைக்கு, பின்னால் இருக்கிற இரண்டும் கேள்விக்கு. பின்னால் உள்ளதை 'இன்ஃபீரியர் காலிகுலஸ்' என்பார்கள். காலிகுலஸ் என்றால் லத்தீனில் சின்னக் குன்று. கீழ்ச்சிறுகுன்று என்று வைத்துக்கொள்வோம். (அழகர்மலையில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தபோது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. தமிழில் சிலம்பு என்றால் மலை, சிலம்புதல் என்றால் எதிரொலித்தல். மலைக்கு மேலே இருக்கிற நூபுர கங்கைக்கும் சிலம்பாறு என்றுதான் பேர். மலையும் எதிரொலியும் ஒரே சொல்லுக்குள் இருக்கிற மொழி நம்முடையது.)

காதிலிருந்து மேலே போகிற பாதைகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் குன்றில் வந்து கூடுகின்றன. நம்ம ஊர் மாட்டுத்தாவணி மாதிரி, பல பக்கம் போகிற பஸ்ஸும் வந்து கூடுகிற இடம். வௌவாலுக்கு இது ரொம்பப் பெரியது. பூச்சி தின்னும் சின்ன வௌவால்களின் மூளையில், பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவே மேலாக்கவே புடைத்துக்கொண்டு தெரியும். ஆழத்தில் புதைந்து கிடக்கும் எலும்புக்கடியில் தோண்ட வேண்டியதில்லை. ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி.

இந்தக் குன்றுக்குள் செல்கள் கண்டபடி இறைந்து கிடப்பதில்லை, அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலடுக்கில் இருப்பவை தாழ்ந்த சுருதிக்கு அசையும், கீழே போகப் போக உயர்ந்த சுருதி. ஆர்மோனியக் கட்டைகளைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக அடுக்கி வைத்த மாதிரி. எஃப்எஃப்டி எழுதிப் பழகியவர்களுக்கு உடனே புரியும். நம்ம காது ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துவிடுகிறது, மூளை அந்தப் பிரிப்பைக் கலைக்காமல் இடமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அதிர்வெண் என்பது இங்கே ஒரு முகவரி.

ஆனால் எஃப்எஃப்டியில் எல்லாப் பெட்டியும் ஒரே அகலம். மூளையில் அப்படி இல்லை. கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் உள்ள பெரிய லாட வௌவால் 83 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, சுருதி மாறாத நீண்ட ஒலியாகக் கத்தும். 1976-ல் ஃபோல்க்மார் புருன்ஸ் என்பவர் அதன் உட்காதை ஆராய்ந்தபோது, அந்த ஒரு சுருதியைச் சுற்றியுள்ள குறுகிய பட்டைக்கு மட்டும் காதுச் சவ்வில் அளவுக்கு மீறிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1979-ல் கெர்ட் ஷூல்லரும் ஜார்ஜ் போலாக்கும் கீழ்ச்சிறுகுன்றிலும் அதையே கண்டார்கள். கண்ணில் கூர்மையாகப் பார்க்கிற புள்ளி ஒன்று உண்டல்லவா, அதுமாதிரி காதுக்கும் ஒரு கூர்புள்ளி. வௌவால் பறந்துகொண்டே கத்துவதால் டாப்ளர் விளைவில் எதிரொலி சுருதி கூடித்தான் திரும்பும். அது தன் கூர்புள்ளியை விட்டு நழுவிவிடாமல் இருக்க, லாட வௌவால் தன் குரலைக் கொஞ்சம் இறக்கிக் கத்தும். ரேடியோ ஸ்டேஷன் நகர்கிறது என்று நாம் ரேடியோவைத் திருப்புவோம். இது ஸ்டேஷனையே திருப்புகிறது.

இதெல்லாம் ஒரு இனத்தைப் பற்றிய கதை. சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு வௌவாலை வைத்துக்கொண்டு 'வௌவால் இப்படிக் கேட்கிறது' என்று சொன்னால் போதுமா? ஒரே ஊரில், ஒரே வானத்தில் பத்து வகை வௌவால் பறக்கிறதே, அவை எல்லாம் ஒரே மாதிரியா கேட்கின்றன? இந்தக் கேள்வியைக் கேட்க ஃப்ராங்க்ஃபர்ட்டும் ம்யூனிக்கும் சரியான இடங்கள் இல்லை. மதுரைதான் சரியான இடம்.

நாகமலை அடிவாரத்தில் இருக்கிற மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு 1970-களின் நடுவில் எம்.கே. சந்திரசேகரன் வந்தார். ஜெர்மனியில் ட்யூபிங்கனில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான எர்வின் பியூனிங்கின் கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே பழ ஈக்களின் நாள்தாளத்தை ஆராய்ந்தவர், மதுரைக்கு வந்ததும் வௌவாலைப் பிடித்தார். காரணம் சுலபம். பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கீழக்குயில்குடி, சமணர் மலை, குகைகள். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், அந்தப் பாறை இடுக்குகளில் நுழைந்ததுமே மூக்கில் ஏறுகிற அந்த வாடை. துரிஞ்சில் வாடை.

1981-ல் ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன், சந்திரசேகரன் மூவரும் வெளியிட்ட கட்டுரை ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற இலைமூக்கு வௌவால்களைச் சூரிய வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் அடைத்து வைத்தார்கள். வெளியே பொழுது சாய்வது கூண்டில் இருப்பவற்றுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் குகையில் சுதந்திரமாக வாழ்கிற கூட்டம் எப்போது கிளம்பியதோ, அதே நேரத்துக்குக் கூண்டு வௌவால்களும் பரபரத்தன. வேறு வௌவாலே இல்லாத குகையில் தனியாக வைத்தால், அவற்றின் கடிகாரம் நாளுக்கு நாள் நழுவிப்போனது. கூட்டம் கிளம்புகிற சந்தடியே அவற்றுக்கு மணி. விலையுயர்ந்த கருவி ஏதுமில்லாமல், ஒரு கூண்டும் ஒரு குகையும் வைத்துச் செய்த சோதனை. இந்த மாதிரிச் சிக்கனம்தான் எனக்கு மதுரை ஆய்வுகளில் பிடித்தது.

அதே காலத்தில் கெர்ஹார்ட் நாய்வெய்லர் மதுரையோடு சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார். அவருக்கு இந்தியா புதுசில்லை. 1969-லேயே நம்ம பழந்தின்னி வௌவால் கூட்டம் ஒன்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியவர். அவரும் அவர் மாணவர்களும் மதுரைக்காரர்களும் சேர்ந்து, மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த வௌவால் எங்கே, எவ்வளவு உயரத்தில் இரை தேடுகிறது, எப்படிக் கத்துகிறது என்று கவனித்தார்கள். யோர்க் ஹாபெர்செட்ஸர் 1981-ல் எழுதியது வால்நீண்ட ரைனோபோமா வௌவாலைப் பற்றி. அது தனியாக வேட்டையாடும்போது 32.5 கிலோஹெர்ட்ஸில் கத்துகிறது. கூட்டமாக வந்தால் ஆளுக்கு ஒரு சேனல்: 30, 32.5, 35. ஒன்றின் குரல் இன்னொன்றின் எதிரொலியில் குழம்பாமல் இருக்க அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. செல்போன் கம்பெனிகள் ஏலத்தில் எடுப்பதை இவை சும்மாவே பேசி முடித்துக்கொள்கின்றன.

பிறகு 1984. நாய்வெய்லர், சத்பால் சிங், கே. ஸ்ரீபதி மூவரும் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்திய வௌவால் சமூகம் ஒன்றின் கேள்வி வரைபடங்கள். 'சமூகம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே வட்டாரத்தில் வாழும் பல இனங்களை எடுத்து, ஒவ்வொன்றின் கீழ்ச்சிறுகுன்றிலும் நுண்மின்முனையை இறக்கி, எந்தச் சுருதிக்கு எவ்வளவு மெல்லிய ஒலி போதும் என்று அளந்தார்கள்.

எப்படி அளப்பது? மயக்கம் கொடுத்த வௌவாலின் மண்டையில் சின்னத் துளை. அதன் வழியாக முடியைவிட மெல்லிய முனை உள்ளே இறங்கும். முன்னால் ஒரு ஸ்பீக்கர். ஒரு சுருதியை வாசித்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், செல் பதில் சொல்வதை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த சுருதி. முடிந்ததும் முனையை ஒரு முடியளவு கீழே இறக்கி, திரும்பவும் முதலிலிருந்து. கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது மாதிரிதான், ஒரு தடவைக்கு ஒரு புள்ளி. ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் ஒரு மிருகத்தில் சில பத்துப் புள்ளிகள் கிடைக்கும்.

கிடைத்த முடிவு அழகானது. மரங்களுக்கு மேலே திறந்த வானத்தில் வேட்டையாடுபவை தாழ்ந்த சுருதிகளில் கூர்மையாகக் கேட்டன. இலை தழைக்கு நடுவே, தரைக்கு அருகே வேட்டையாடுபவை உயர்ந்த சுருதிகளில். இயற்பியல் இதற்கு ஒத்துப்போகிறது. 30 கிலோஹெர்ட்ஸ் ஒலி காற்றில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவில்தான் தேயும். 130 கிலோஹெர்ட்ஸ் ஒலியோ மீட்டருக்கு நாலைந்து டெசிபெல் தேயும், பத்து மீட்டர் போய்த் திரும்புவதற்குள் செத்துப்போகும். ஆனால் அதன் அலைநீளம் வெறும் 2.6 மில்லிமீட்டர் என்பதால் சின்னப் பூச்சியின் சிறகையும் நுணுக்கமாகத் தொட்டு வரும். தூரம் வேண்டுமா, நுணுக்கம் வேண்டுமா? ஒவ்வொரு இனமும் தன் பிழைப்புக்கு ஏற்றபடி முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவு சிறுகுன்றுக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்தக் கூட்டத்தில் கதாநாயகன் மெகாடெர்மா லைராதான். பொய் ரத்தக்காட்டேரி என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டார்கள், பாவம், அது ரத்தம் குடிக்காது. தவளை, எலி, பல்லி, பெரிய பூச்சி, சமயத்தில் சின்ன வௌவாலையும் பிடித்துத் தின்னும். இரண்டு பெரிய காதுகளும் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும், முறத்தை நட்டமாக வைத்த மாதிரி. மற்ற வௌவால்கள் மீயொலியில் கூர்மை காட்டினால், இது 15-லிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம், நம் காதே தொடக்கூடிய எல்லையில், நம்ப முடியாத கூர்மை காட்டியது. மனிதக் காதின் கேள்வி எல்லையை 0 டெசிபெல் என்று வைத்திருக்கிறார்கள். மெகாடெர்மாவுக்கு அதற்கும் 20 டெசிபெலுக்கு மேல் கீழே போனாலும் கேட்கிறது. நமக்குக் கேட்கிற மிக மெல்லிய ஒலியின் ஆற்றலில் நூறில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

அந்தச் சுருதியில் அப்படி என்ன இருக்கிறது? காய்ந்த சருகில் தவளை தாவுகிற சரசரப்பு. 1987-ல் மாரிமுத்துவும் நாய்வெய்லரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாவுகிற தவளை பிடிபட்டது. அசையாமல் உட்கார்ந்த தவளையை வௌவால் சீண்டவில்லை. செத்த தவளையை நூலில் கட்டிச் சரசரவென்று இழுத்தால் பாய்ந்து பிடித்தது. அதே செத்த தவளையை, சத்தமே வராதபடி நீர்ப்படலம் பூசிய கண்ணாடி மேல் வழுக்கி இழுத்தால் கண்டுகொள்ளவில்லை. ஆக, அசைவைப் பார்ப்பதில்லை, அசைவின் சத்தத்தைக் கேட்கிறது. ஒரு கண்ணாடித் தட்டும் கொஞ்சம் தண்ணீரும் வைத்து இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டிய இந்தச் சோதனையைப் பற்றி என் டீமில் பிழைதிருத்துகிற பசங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. 2000-ல் சபீனே ஷ்மிட்டும் சக ஆய்வாளர்களும் மெகாடெர்மா அசையாமல் கிடக்கிற செத்த எலியையும் எதிரொலி மூலமே கண்டுபிடித்து எடுப்பதைக் காட்டினார்கள். சரசரப்பு மட்டும்தான் என்று நினைத்தது முழுக்கச் சரியில்லை, எதிரொலியும் துணைக்கு இருக்கிறது. மதுரைச் சோதனை பொய்த்துவிட்டது என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் இருந்தால் அதை நம்பும், இல்லாவிட்டால் வேறு வழி பார்க்கும். பசித்த பிராணி வேறென்ன செய்யும்?

1988-ல் ருடோல்ஃப் ரூப்ஸாமென், நாய்வெய்லர், ஸ்ரீபதி மூவரும் மெகாடெர்மாவையும் இலைமூக்கு வௌவாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சிறுகுன்று வரைபடம் போட்டார்கள். இலைமூக்கில், அது கத்துகிற 127-லிருந்து 138 கிலோஹெர்ட்ஸ் பட்டைக்குப் பெரிய நிலப்பரப்பு. மெகாடெர்மாவில் அதேபோலப் பெரிய நிலம் தாழ்ந்த சுருதிக்கு, சரசரப்புக்கு. ஒரே ஊரின் இரண்டு பிராணிகள், ஒரே உறுப்பு, பட்டா மட்டும் வேறு வேறு பெயரில்.

அடுத்த வருஷம், 1989-ல், ரூப்ஸாமென், நாய்வெய்லர், மாரிமுத்து வெளியிட்ட கட்டுரைதான் என்னை இதையெல்லாம் எழுத வைத்தது. கேள்வி இதுதான்: குட்டி பிறக்கும்போதே இந்தப் பட்டா எழுதப்பட்டுவிடுகிறதா? அவர்கள் வெவ்வேறு வயது இலைமூக்குக் குட்டிகளின் சிறுகுன்றில் முனையை இறக்கிப் பார்த்தார்கள். பெரிய வௌவாலில் 130-ஐ ஒட்டிய சுருதிக்கு அசைகிற அதே இடம், குட்டியில் அதைவிடக் கணிசமாகத் தாழ்ந்த சுருதிக்கு அசைந்தது. வயது ஏற ஏற, அந்த இடத்தின் சுருதியும் படிப்படியாக ஏறுகிறது. குட்டியின் குரலும் கூடவே ஏறுகிறது. வீடு அங்கேயே இருக்கிறது, கதவு எண் மட்டும் தினமும் மாறுகிறது!

கோழிக்குஞ்சின் காதில் இப்படி ஒரு நகர்வு இருக்கிறது என்று எட்வின் ரூபெல் 1983-ல் சொல்லியிருந்தார். அது அப்போது சூடான விவாதம். 130 கிலோஹெர்ட்ஸில் வாழ்கிற ஒரு பாலூட்டியிலும் அது நடக்கிறது என்று சொன்னது சமணர் மலையின் இலைமூக்கு.

இந்த ஆய்வில் ஒரு இடைவெளி இருக்கிறது. அது ஆய்வாளர்களின் குறை இல்லை, அந்தக் காலத்துக் கருவியின் குறை. ஒரு குட்டியில் ஒருமுறைதான் முனையை இறக்க முடியும். முதல் வாரக் குட்டி ஒன்று, இரண்டாம் வாரக் குட்டி இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் வகுப்புவாரியாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வளர்ச்சியைப் பார்ப்பது மாதிரி. ஒரே செல் தன் சுருதியை மாற்றிக்கொண்டதா, அல்லது தாழ்சுருதிச் செல் அடங்கி பக்கத்தில் இன்னொன்று விழித்துக்கொண்டதா? புள்ளிகளை வைத்து இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இதற்குத்தான் படம் பிடிக்கிற நுட்பம் வேண்டும். முதலில் வந்தது 1977-ல் லூயிஸ் சோகோலாஃபின் முறை. கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைக் குளுக்கோஸைக் கொடுத்து ஒரு சுருதியை வாசித்தால், வேலை செய்கிற செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்ளும். பிறகு மூளையைச் சீவி எக்ஸ்ரே ஃபிலிமில் வைத்தால் அந்த அடுக்கு கறுப்பாகத் தெரியும். ஒரு மிருகத்துக்கு ஒரு சுருதி, அதோடு மிருகத்தின் கதையும் முடிந்தது.

மதுரையில் முனைகள் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் ரோஜர் சியன் வேறொரு வழியைத் திறந்துகொண்டிருந்தார். நரம்புச் செல் சுடும்போது உள்ளே கால்சியம் பாயும். கால்சியம் வந்தால் ஒளியில் மாறுதல் காட்டுகிற சாயங்களை அவர் உண்டாக்கினார். அவற்றில் பேர்பெற்ற ஃப்யூரா-2 வெளியானது 1985-ல். 1990-ல் கார்னெல்லில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் இரு-ஒளித்துகள் நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார்கள். அகச்சிவப்பு லேசர் குவிகிற ஒரே புள்ளியில் மட்டும் ஒளிரும், மற்ற இடம் இருட்டாகவே இருக்கும், அதனால் உயிரோடு இருக்கிற மூளைக்குள்ளேயே சில நூறு மைக்ரான் ஆழம் வரை தெளிவாகப் பார்க்கலாம். 2001-ல் ஜப்பானில் ஜூனிச்சி நகாய் குழுவினர் ஜிகேம்ப் என்ற புரதத்தைச் செய்தார்கள். சாயத்தைக் கொண்டுபோய் ஊற்ற வேண்டாம், அதற்கான மரபணுவை வைரஸ் வழியாகச் செலுத்தினால் செல்லே தனக்குள் விளக்கைச் செய்துகொள்ளும்.

2015-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பார்ன்ஸ்டெட், டாமென், ஆண்ட்ரூ கிங் குழுவினர் இதை எலியின் கீழ்ச்சிறுகுன்றில் செய்தார்கள். சுருதியை வாசிக்க வாசிக்க நூற்றுக்கணக்கான செல்கள் ஒவ்வொன்றாகத் தீபம் மாதிரி மின்னுகின்றன. குன்றின் மேல்தோல் பகுதியிலும் சுருதி வரிசை இருக்கிறது, ஆனால் அருகருகே இருக்கிற செல்கள் கறாராக ஒரே சுருதியில் நிற்பதில்லை என்று தெரிந்தது. கிணற்றுக் கயிறு காட்டாத விஷயம் இது. தெருவின் சராசரி ஒழுங்காக இருக்கும், வீட்டுக்கு வீடு கொஞ்சம் வாசப்படி.

பெரிய வசதி என்னவென்றால், அதே செல்லை நாளைக்கும், அடுத்த வாரமும் தேடிப் பார்க்கலாம். பறக்கிற வௌவாலிலேயே இது முடியும் என்று 2022-ல் பெர்க்லியில் லிபர்ட்டி, யார்ட்சேவ் குழுவினர் காட்டிவிட்டார்கள். அவர்கள் பார்த்தது எகிப்தியப் பழந்தின்னியின் ஹிப்போகாம்பஸ், இட நினைவுக்கான பகுதி. ஒரே செல்களை நாள்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1989-ன் கேள்விக்கு வேண்டிய கருவி அச்சாக இதுதான்.

ஆனால் நான் இன்ஜினியர், புதுக் கருவி என்றதும் துள்ளிக் குதிக்கிற வயசு போய்விட்டது. கால்சியம் விளக்கு மெதுவானது. ஏறி இறங்க நூறு மில்லிநொடி, அதற்கு மேலும் ஆகும். நம்ம இலைமூக்கின் ஒரு கத்தலே ஐந்தாறு மில்லிநொடிதான். எதிரொலி எவ்வளவு தாமதித்து வருகிறது என்று வௌவால் அளக்கிற நுணுக்கத்தை இந்த விளக்கில் பார்க்க முடியாது, அதற்கு இன்றைக்கும் மின்முனைதான். அடுத்தது ஆழம். உயர்ந்த சுருதி இருப்பது குன்றின் அடிப்பகுதியில். லேசர் எட்டுவதோ மேல் சில நூறு மைக்ரான். 130 கிலோஹெர்ட்ஸ் வாழ்கிற தெருவுக்கு வெளிச்சம் போக, மெல்லிய கண்ணாடிக் குழல் லென்ஸை உள்ளே செருக வேண்டும், போகிற வழியில் உள்ளதைக் கிழித்துக்கொண்டு. மூன்றாவது, வைரஸ் செலுத்தி விளக்கு எரிய ஆரம்பிக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். குட்டியின் காது மாறுவது பிறந்த முதல் சில வாரங்களுக்குள். விளக்கு ஏற்றி முடிப்பதற்குள் நாடகம் பாதி நடந்துவிடும். அவ்வளவு சுலபமான வேலை இல்லீங்க.

இன்னொரு சிக்கல் கருவியோடு சம்பந்தப்பட்டதில்லை. அந்தக் குட்டிகள் பிறக்கிற இடம் இருக்க வேண்டுமே. சமணர் மலையைக் கல்குவாரிக்காரர்களிடமிருந்து காப்பாற்ற கீழக்குயில்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் போராட வேண்டியிருந்தது. அழகர்கோவிலுக்குக் கிழக்கே மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக எத்தனை மலைகள் துண்டு துண்டாகப் போயின என்பது இந்த ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே இருக்கிற அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருஷத்தில் அதையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி வட்டாரம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர்கள் திரண்டு தெருவுக்கு வந்த பிறகு 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தச் செய்திகளில் தமிழி கல்வெட்டு வந்தது, சமணப் படுகை வந்தது, ராஜாளிப் பறவை வந்தது. நியாயம்தான், வர வேண்டியவைதான். துரிஞ்சில் வந்ததாக நான் படிக்கவில்லை. பழந்தின்னி வௌவால்கள் 2022 திருத்தம் வரைக்கும் வனவிலங்குச் சட்டத்தில் காக்கா, எலியோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் இருந்தன. அதோடு ஒப்பிட்டால் குகை வௌவாலுக்கு அந்தக் கெட்ட பேர்கூடக் கிடைக்கவில்லை.

சந்திரசேகரன் பின்னாளில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்துக்குப் போனார். 2009-ல் காலமானார். நாய்வெய்லர் அதற்கு முந்தைய வருஷம். அவருடைய 'வௌவால்களின் உயிரியல்' நூலைப் புரட்டினால் மதுரை வௌவால்கள் அங்கங்கே தலைகாட்டிக்கொண்டே இருக்கும். மதுரை பற்றித் தமிழில் வந்த எத்தனையோ நூல்களில் இந்தக் கதையை நான் பார்த்ததில்லை, அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு அழகர்கோவிலில் இருட்டிய பிறகு எனக்குக் கிடைத்தது 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய கோடுகள், வரிசை வரிசையாக. மேலே, திறந்த வானத்தில் போகிறவர்கள். 130 பக்கம் ஒரு கோடும் இல்லை. அதைப் பிடிக்கணும்னா சுவர் இடுக்குக்குப் பக்கத்தில், நாலைந்து மீட்டருக்குள் போகணும், பாம்புக்குப் பயந்து போகவில்லை.

டோக்கன் அண்ணன் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். பதிவைப் பத்து மடங்கு மெதுவாக்கி ஸ்பீக்கரில் போட்டேன். 30 கிலோஹெர்ட்ஸ் 3-ஆக இறங்கியது. டிக்... டிக்... டிக்... என்று நிதானமாக வந்து, பூச்சியை நெருங்கியதும் டிக்டிக்டிக்கென்று கூடி, கடைசியில் ஒரே இழுப்பாக 'டிர்ர்ர்' என்று முடிந்தது.

"ஓட்டு வீட்டுல மழை ஒழுகுற மாதிரில்ல இருக்கு," என்றார். பிறகு நிமிர்ந்து கோபுரத்து உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா போடுங்க சார்," என்றார்.